கீழ்த்தளம் காலி: குடித்தனமா, ஷூட்டிங்கா, சின்ன விசேஷங்களா?

சென்னையில் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், பெரம்பூர் பக்கம் இந்த மாதிரி வீடுகளை இன்றும் பார்க்கலாம். முக்கால் கிரவுண்டிலோ ஒரு கிரவுண்டிலோ எழுபதுகளில் கட்டிய தனி வீடு. வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். அப்பா அம்மா இருந்த கீழ்த்தளம் அவர்கள் காலத்துக்குப் பிறகு பூட்டியே கிடக்கிறது. மொசைக் தரை போட்ட நீள ஹால், இரண்டு அறை, பின்பக்கம் கிணற்றடி, துவைக்கிற கல்.

அதை என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். புரோக்கர் குடித்தனம் வைக்கச் சொல்வார். லொக்கேஷன் மேனேஜர் ஷூட்டிங்குக்குக் கேட்பார். மருமகப் பிள்ளை ஆப்பில் போட்டு நாள் வாடகைக்கு விடலாம் என்பார். சொந்தக்காரர்கள், "உங்க ஹால்ல அறுபது பேர் தாராளமா உட்காரலாமே, வளைகாப்பு, பிறந்தநாளுக்கு விடுங்களேன்" என்பார்கள். வீட்டை இடித்து பில்டரிடம் கொடுப்பதாக இல்லை என்று முடிவு செய்தவர்களுக்காக இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் ஓட்டு பகல் நேரச் சின்ன விசேஷங்களுக்கு. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது சரிவராது.

குடித்தனத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் பிறந்தால் வாடகை வரும். வருமான வரியில், வீட்டு வரியைக் கழித்த பிறகு மீதி வாடகையில் 30 சதவீதம் கேள்வி கேட்காமல் கழிவு. குடியிருக்க விடுவதால் ஜிஎஸ்டி பேச்சு இல்லை, மின் இணைப்பையும் மாற்ற வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கேட்கிறது. வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கியே பழகியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஒரே குறை, ஊரிலிருந்து பிள்ளைகள் வந்தாலும் அந்தக் கீழ்த்தளம் உங்களுக்கு இல்லை. சாவி குடித்தனக்காரரிடம்.

ஷூட்டிங்கில் ஒரு நாள் பணம் பெரிதாகத் தெரியும். ஜெனரேட்டர் வேனை அவர்களே கொண்டுவருவார்கள், அதனால் கரண்ட் கவலை குறைவு. ஆனால் வருவது ஒரு குடும்பம் அல்ல, ஒரு யூனிட். லைட் ஸ்டாண்டு, டிராலி, சாப்பாட்டு வண்டி, மேக்கப் அறைக்கு உங்கள் படுக்கையறை. ஆர்ட் டிபார்ட்மென்ட் சுவரின் நிறத்தை மாற்றும். 'திருப்பி அடித்துத் தருகிறோம்' என்பார்கள். அடித்தும் தருவார்கள், ஆனால் பழைய நிறமாக இருக்காது. சீரியல் என்றால் கன்டின்யுவிட்டிக்காக, அதாவது காட்சிக்குக் காட்சி இடம் மாறாமல் தெரிவதற்காக, மாதக்கணக்கில் அதே வீடு வேண்டும், சாமான்களை அங்கேயே போட்டுவைப்பார்கள். முதல் நாள் கேமரா உள்ளே வருமுன் பணம் கைக்கு வந்துவிட வேண்டும், அறை அறையாக வீடியோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் யாரும் குடியில்லாத, கேட்டுக்கு வெளியே அகலமான தெரு உள்ள வீட்டுக்கு இது சரி. மாடியில் நீங்களே இருந்தால் இரவு பதினொன்றுக்கும் 'சைலன்ஸ்' என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆப்பில் போடும் நாள் வாடகையை விசேஷத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். "ஏர்பிஎன்பியில் போட்டால் பார்ட்டிக்கும் வருவார்களே" என்பார்கள். வரக்கூடாது. ஏர்பிஎன்பி 2020 ஆகஸ்டில் பார்ட்டிகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது, 2022 ஜூனில் அதை நிரந்தர விதியாக்கியது. தங்க வருகிறோம் என்று பதிவு செய்து நாற்பது பேரை வரவழைத்தால் அவர்கள் கணக்கும் போகலாம், உங்கள் பதிவும் சிக்கலில் மாட்டலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். தங்க விடுவது தனித் தொழில், விசேஷத்துக்கு விடுவது தனித் தொழில். ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டுவிடுங்கள்.

சரி, விசேஷத்துக்கு வருவோம்.

முதலில் பணக்கணக்கு. குடித்தனம் வைத்தால் மாதம் 30,000 ரூபாய் வரக்கூடிய தளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகல் விசேஷத்துக்கு 8,000 வாங்கினால் மாதம் நாலு போதும் என்று மனம் கணக்குப் போடும். பெருக்கித் துடைக்க இரண்டு ஆள், தண்ணீர் லாரி, கரண்ட், அவ்வப்போது பிளம்பர் என்று ஒரு விசேஷத்துக்கு 2,500 கழித்தால் கையில் நிற்பது 5,500. குடித்தன வாடகையைத் தொட மாதம் ஆறு விசேஷம் வேண்டும். முகூர்த்த நாட்களோ கொத்தாக வரும். ஒரே ஞாயிற்றுக்கிழமையை மூன்று பேர் கேட்பார்கள், அடுத்த இரண்டு வாரம் போனே அடிக்காது. ஆடியிலும் மார்கழியிலும் நிச்சயதார்த்தம், வளைகாப்பு எதுவும் பெரும்பாலும் இருக்காது. அந்த மாதங்களில் பிறந்தநாளும் தேவசமும் (இறந்தவர்களுக்கு வருடா வருடம் கொடுக்கும் திதி)தான் கைகொடுக்கும். ஆக, வெறும் பணத்துக்காக என்றால் குடித்தனமே நிம்மதி.

அப்படியிருந்தும் விசேஷத்துக்கு ஏன் ஓட்டு என்றால், அப்பார்ட்மென்டில் இருப்பவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முப்பது பேருக்கு இலை போட வேண்டிய சுமங்கலிப் பிரார்த்தனைக்கு மண்டபம் எடுத்தால் ஹால் காலியாகத் தெரியும், ஓட்டல் பேங்க்வெட்டில் ஹோமம் வளர்க்க விடமாட்டார்கள், ஃபிளாட்டின் ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆள் வாசலில். இந்த நடுவாந்தர அளவுக்கு ஒரு தனி வீட்டின் கீழ்த்தளம்போல் பொருந்துவது வேறில்லை. பாட்டி ஒரு அறையில் காலை நீட்டிப் படுக்கலாம், குழந்தைக்குத் தனியாகப் பால் கொடுக்கலாம், சமையல்காரர் பின்பக்கம் வடை தட்டலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று, துக்கக் காரியம். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் பத்தாம் நாளிலிருந்து பதின்மூன்றாம் நாள் வரை சில குடும்பங்களுக்கு இடம் தேடுவதே பெரிய அலைச்சல். எட்டாவது மாடியில் கிணற்றடி ஏது? அப்பார்ட்மென்ட் சங்கத்தில் முகம் சுளிப்பவர்களும் உண்டு. கிணறும் பின்கட்டும் உள்ள தரைத்தளம் என்றால் கேட்டுக்கொண்டு வருவார்கள். இங்கே வீட்டுக்காரர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். காரியம் நடந்த இடம் என்று தெரிந்தால் வளைகாப்புக்கு யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் கலந்து வைத்து மறைப்பது நியாயமில்லை, கேட்டால் சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால் காரியத்துக்கும் தேவசத்துக்கும் தயங்காமல் விடலாம் என்பேன். கூட்டம் அடங்கி இருக்கும், ஸ்பீக்கர் இல்லை, அலங்காரம் இல்லை, மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்ப உங்கள் கையில். வாசலில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு "பெரிய உபகாரம் பண்ணினேள் மாமா" என்று ஒரு மகன் சொல்லிவிட்டுப் போவது மற்ற மூன்றிலும் கிடைக்காது.

வீட்டுக்கு அதிகச் சேதம் வருவது பிறந்தநாளில்தான், நம்ப மாட்டீர்கள். கேக் வெட்டும்போது வெடிக்கிற பேப்பர் குழலிலிருந்து ஜிகினாத் துண்டுகள் ஃபேன் இறக்கைமேல் போய் உட்காரும்; ஒரு மாதம் கழித்து ஸ்விட்ச் போட்டாலும் ஒன்றிரண்டு விழும். தரையில் கிடப்பதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது நேரே வடிகாலுக்குப் போய் அதன் வாயிலுள்ள சல்லடையில் அடைத்துக்கொள்ளும். முதலில் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டுத்தான் ஈரத்துணி. பலூன் வளைவை ஒட்ட இருபக்க டேப் போட்டிருப்பார்கள், பிரிக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டோடு அதன் அடியில் பூசிய பட்டியும் பெயர்ந்து வரும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிரந்தரமாக ஒரு இரும்புச் சட்டம் நிறுத்திவிட்டால் அலங்காரக்காரர் அதிலேயே எல்லாவற்றையும் கட்டிவிடுவார். குழலும் நுரை ஸ்பிரேயும் கூடாது என்று முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.

ஹோமம் என்றால் செங்கலுக்கு அடியில் நல்ல கனமாக மணல் வேண்டும். வெறும் செங்கலைத் தரையில் வைத்தால் மொசைக் கறுக்கும், புது டைல்ஸ் வெடித்தே போகும். வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்று சமையல்காரரிடம் நேரில் நின்று சொல்ல வேண்டும், அதற்கென ஒரு டின் வைத்துவிடுவது இன்னும் நல்லது. அடுப்புக்கு உங்கள் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும். சமையல் காண்ட்ராக்ட்காரர் 19 கிலோ வணிகச் சிலிண்டரைக் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் கரண்ட். இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. வீட்டு இணைப்பில் வணிகம் நடத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவு பாயும்; எந்தக் கட்டணம் பொருந்துமோ அதைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள், தேதி தெரியாவிட்டால் பின்னோக்கி ஒரு வருடத்துக்கு. கீழ்த்தளத்துக்குத் தனி மீட்டர் இருந்தால் அதை மட்டும் வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடலாம். மாடிக்கான 100 யூனிட் சலுகை அப்படியே இருக்கும். சொத்து வரியும் வணிக விகிதத்துக்கு மாறும், அதையும் கணக்கில் சேருங்கள். சேவை வருமானம் எல்லாம் சேர்த்து வருடம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. விசேஷ வாடகைக்கும் அந்த 30 சதவீதக் கழிவு உண்டென்று நீங்களாக நினைத்துக்கொள்ளாமல் ஆடிட்டரைக் கேளுங்கள். அதைத் தொழில் வருமானமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இரவுப் பார்ட்டியை நான் சேர்க்கவே மாட்டேன். குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. டிஜே ஸ்பீக்கர் ஒன்று வந்தால் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. மதுவுக்கும் இடமில்லை. 2023 ஏப்ரலில் கல்யாண மண்டபங்களில் மது பரிமாற உரிமம் என்று அறிவிப்பு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அறிவிப்பிலிருந்து மண்டபங்களை அரசே நீக்கியதை நினைவில் வையுங்கள். மண்டபத்துக்கே இல்லாதபோது வீட்டு ஹாலுக்கு ஏது? அந்தக் கூட்டத்துக்கு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பண்ணை வீடுகள் இருக்கின்றன. அங்கே நீச்சல்குளம் என்ற வேறொரு பயம், அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

எந்த வீட்டுக்குப் பகல் விசேஷமும் வேண்டாம் என்று சொல்வேன் என்றால், எதிரும் புதிருமாக இரண்டு கார் போக முடியாத தெருவில் உள்ள வீட்டுக்கு. பதினைந்து வண்டி வந்தால் பக்கத்து வீட்டு கேட்டை மறைத்துத்தான் நிற்கும். அந்த வீட்டில் டயாலிசிஸுக்குப் போகிற ஒரு பெரியவர் இருந்தால் உங்கள் 5,500 ரூபாய்க்கு அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? அதேபோல் அண்ணன் தம்பி பெயரில் கூட்டாக இருக்கும் வீடு. குடித்தன வாடகை என்றால் பங்கு பிரிப்பது சுலபம். விசேஷ வரும்படி ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது, வேலை முழுக்க ஊரில் இருப்பவர் தலையில் விழும். யார் பார்த்துக்கொள்கிறாரோ அவருக்கு முதலில் ஒரு தொகை, மீதியைப் பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு தொடங்குங்கள்.

தொடங்குபவர்கள் முதல் ஆறு மாதம் தெரிந்தவர் மூலம் வருபவர்களுக்கு மட்டும் விடுவது நல்லது. இந்த வட்டத்தில் புரோகிதரும் சமையல்காரரும் பிடித்துக்கொடுக்கும் ஆட்களே போதும், விளம்பரம் வேண்டாம். தேதி உறுதியானதும் இரண்டு பக்கத்து வீட்டிலும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், காலை எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைப்பார்கள் என்பது உட்பட.