யாழ்ப்பாணத்து வீட்டில் சக்குலன்ட் வளர்த்த ஆறு வருடங்கள்

2019 ஆம் ஆண்டு பங்குனி மாதம் நுவரெலியாவுக்குச் சென்று திரும்பும் வழியில், வீதியோர நாற்றுமேடை ஒன்றில் பதினான்கு சக்குலன்ட் (சதைப்பற்றுத் தாவரம்) கன்றுகளை வாங்கி, பிஸ்கட் பெட்டியொன்றில் அடுக்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் அதிகம் கேட்காத செடி, வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஊர், ஆகவே இரண்டும் பொருந்தும் என்பது அன்றைய என் கணக்கு. அடுத்த தைப்பொங்கலன்று முற்றத்தில் மிஞ்சியிருந்தவை மூன்று மட்டுமே. ரோஜாப்பூவைப்போல அடுக்கடுக்காக இலைவிடும் எச்செவேரியாவை நம்பித்தான் அவ்வளவும் வாங்கினேன். அந்த மூன்றில் எச்செவேரியா ஒன்றுகூட இல்லை.

அந்தச் செடிகளின் சொந்த இடத்தைப் பற்றிப் பிறகு வாசித்தபோதுதான் கணக்கு எங்கே பிழைத்தது என்று விளங்கியது. எச்செவேரியாவின் பெரும்பாலான இனங்கள் மெக்சிக்கோவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. அங்கே பகல் சுட்டாலும் இரவு குளிரும். இவ்வகைத் தாவரங்கள் பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காத்துக்கொண்டு, இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவு தயாரிக்கின்றன. அதாவது அவற்றின் வேலைநேரமே இரவுதான். சித்திரை, வைகாசி மாதங்களில் நடுச்சாமத்திலும் புழுங்கும் எங்களூரில், கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ள, மலைநாட்டில் பிறந்த செடிக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. இது தெரியாமல், வெயில்தான் எதிரி என்று எண்ணி நான் அவற்றை விறாந்தையின் உட்பக்கத்துக்கு மாற்றினேன். வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டு, இலைகளுக்கிடையே இடைவெளி விழுந்து, வாங்கியபோதிருந்த வடிவமே மறைந்துபோயிற்று.

மிச்சத்தை மழை முடித்துவைத்தது. எங்களுக்கு வருட மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில்தான் கொட்டுகிறது. அந்த மூன்று மாதமும் முற்றத்துச் சாடிகளில் மண் காய்வதே இல்லை. போதாக்குறைக்கு, மழை விட்ட நாட்களில் அம்மாவின் கவனிப்பு வேறு. "இதுகள் சுருங்கிப்போய்க் கிடக்குது, தம்பி. செவ்வரத்தைக்கு விட்டதிலை மிச்சம் இருந்தது, அதைத்தான் விட்டனான்" என்பார். அவர் கண்டதில் பிழையில்லை. இலைகள் சுருங்கித்தான் இருந்தன. வேர் அழுகிய செடியால் ஈரமண்ணில் இருந்துகொண்டே நீரை உறிஞ்ச முடியாது, ஆகவே அதன் இலையும் தாகத்தால் வாடிய செடியின் இலையைப்போலவே சுருங்கும். அதைப் பார்த்து மேலும் தண்ணீர் விடுவதால்தான் பெரும்பாலான சக்குலன்ட்கள் சாகின்றன என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தாகமுள்ள இலை மெலிந்து வளையுமே தவிரத் தண்டை விட்டுவராது. அழுகிய இலையோ கண்ணாடிபோலத் தெளிந்து, தோலுரித்த நுங்கைப்போல வழுக்கி, விரல் பட்டதும் கழன்று விழும். அந்தக் கட்டத்தில் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் கபில நிற வளையம் தெரியும். அந்த நிறம் மறையும் வரை மேலே மேலே வெட்டி, நுனியை நாலைந்து நாள் நிழலில் உலர்த்தி நட்டால் சில வேளைகளில் பிழைக்கும். கார்த்திகை ஈரத்தில் வெட்டிய இடம் உலருமுன்னே பூஞ்சணம் பிடித்துவிட்டதால், எனக்கு அப்படிப் பிழைத்தது ஒன்றேயொன்று.

மண்கலவைக்குத்தான் அதிக காலம் செலவழித்தேன். எங்கள் செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்குப் பொன்னாக இருக்கலாம்; சிறிய சாடிக்குள் அது நனைந்தால் அப்பிக்கொண்டு, காய்ந்தால் இறுகிவிடுகிறது. தண்ணீர் வடிய உதவும் வெண்ணிறத் துணுக்கான பெர்லைட்டைக் கலக்கச் சொல்கிறார்கள். அது கொழும்பிலிருந்து வரவேண்டும், விலையும் கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக, கூரை மாற்றியபோது கழித்த பழைய ஓடுகளைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, கடலையளவுத் துண்டுகளை மட்டும் அரித்தெடுத்து, தூளைக் கழுவி நீக்கிப் பயன்படுத்துகிறேன். ஓட்டுத்துண்டு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, உமிக்கரி அரைப் பங்கு, அதோடு நன்றாக உக்கிய ஆட்டெரு ஒரு பிடி. நான்கு வருடமாக இதே கலவைதான். மேலே ஊற்றிய தண்ணீர் சில நொடிகளில் அடித்துளையால் வெளியேறிவிடுகிறது. கடற்கரை மணலைக் கலப்பதை நான் ஒருவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்: உப்பும் உண்டு, நுண்மணலாகையால் இடைவெளிகளையும் அடைத்துவிடும்.

தண்ணீர் விடுவதற்கு நாட்கணக்கு வைப்பதையும் விட்டுவிட்டேன். ஓர் ஈர்க்கை அடிவரை குத்தி எடுத்து, மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் விடுகிறேன். ஆடி மாதச் சோளகக் காற்றில் அது நாலு நாளுக்கொருமுறை வரும், மார்கழியில் மாதம் முழுக்க வராது. சுண்ணக்கல்லில் ஊறிய எங்கள் கிணற்றுநீர் இலையில் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படிவதால் மண்ணுக்கு மட்டுமே ஊற்றவேண்டும். சாடியின் விளிம்பிலும் அந்தச் சுண்ணாம்பு ஏறத் தொடங்கினால் மழைநீரால் ஒருமுறை நன்றாகக் கழுவிவிடுவேன். மழைநீர்ப் பீப்பாவை வலைத்துணியால் இறுகக் கட்டிவைப்பதும், சாடிகளுக்கு அடித்தட்டு வைக்காமலிருப்பதும் டெங்கு நுளம்புக்காக. தட்டில் தேங்கிய தண்ணீருக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒருமுறை பேச்சு வாங்கிய பிறகு வந்த புத்தி அது.

இந்த ஊருக்கு எது சரிவரும் என்று கேட்டால் தயங்காமல் முதலில் பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்தைச் சொல்வேன். முழுவெயிலில் சீமெந்து மேடையில் வைத்திருக்கிறேன். மற்றச் செடிகள் வாடும் சித்திரையில் அது பூத்துக் குலுங்குகிறது. ஆனால் அதன் பால் நச்சுத்தன்மையுள்ளது, ஆபிரிக்காவில் அம்புமுனையில் தடவிய நஞ்சுகளில் ஒன்று. கிளை வெட்டினால் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. அடுத்தது மருள். தாவரவியலில் சிலோன் பெயரைத் தாங்கிய இனம் இலங்கையில் இயற்கையாகவே வளர்வது, ஆகவே அது இங்கே வளர்வதில் வியப்பில்லை. சிறிய சக்குலன்டான ஹவோர்தியா வேப்பமர நிழலில் சுகமாக இருக்கிறது. ஒரு கன்று ஐந்து வருடத்தில் பதினேழாகப் பெருகி, பாதி உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டது. வேலியில் படரும் பிரண்டையும் எல்லையில் நிற்கும் சதுரக்கள்ளியும்கூடச் சதைப்பற்றுத் தாவரங்கள்தான். காசு கொடுத்து வாங்காததால் அவற்றை எவரும் சக்குலன்ட் என்று அழைப்பதில்லை.

பூச்சியில் எனக்குத் தொல்லை தந்தது மாவுப்பூச்சி ஒன்றே. இலையிடுக்கில் பஞ்சுபோலக் கண்டவுடன், ஸ்பிரிட்டில் தோய்த்த காதுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தால் போதும். எறும்பு ஏறும் சாடியை முதலில் பார்க்கவேண்டும், ஏனெனில் அவைதான் அதைச் சுமந்து பரப்புகின்றன.

இப்போது புரட்டாதி முடியுமுன்னரே அடீனியம் உட்பட எல்லாச் சாடிகளையும் மேற்குப் பக்கத் தாழ்வாரத்துக்கு, வெளிச்சம் விழுந்து சாரல் படாத இடத்துக்கு மாற்றிவிடுகிறேன். தை பிறந்த பிறகுதான் அவை திரும்ப முற்றத்துக்கு வரும். போன வருட மழையில் இழந்தது இரண்டு சாடிகள். நுவரெலியாவுக்குப் பிறகும் இரண்டு தடவை போய்வந்தேன். எச்செவேரியாவைப் பார்த்துவிட்டு வந்தேனே தவிர வாங்கவில்லை.