ஸ்லீவ் சத்திரசிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்த எடை: யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டோடு என் அனுபவம்

2017-இல் கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில், எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். அப்போது என் எடை 118 கிலோ. நீரிழிவும் முழங்கால் வலியும் சேர்ந்தே இருந்தன. 2019 தொடக்கத்தில் 76 கிலோவுக்கு இறங்கினேன். சர்க்கரை மாத்திரையையும் வைத்தியர் நிறுத்திவிட்டார். 2023-இல் தராசு 94 காட்டியது. இப்போது 83. முதல் வருட அனுபவத்தை எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐந்தாறு வருடம் போய் எடை ஏறியவர்கள்தான் வாய் திறப்பதில்லை. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடை திரும்புவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்தான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடும். அதனால் ஆரம்பத்தில் பசி என்பதே மறந்துபோகும். ஆனால் உடம்பு சும்மா இருப்பதில்லை. மெலிந்த உடம்புக்குத் தேவைப்படும் சக்தியும் குறைவு. பசி மெல்ல மெல்லத் திரும்புகிறது. குழாயும் வருடப்போக்கில் கொஞ்சம் இளகுகிறது. சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், இரைப்பைப் பைபாஸ் (சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியைத் தொடாமல் குடலுக்குப் போகும்படி மாற்றுவது) செய்தவர்களுக்கு முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 வீத எடை குறைந்திருந்தது. பத்தாவது வருடத்தில் அது 25 வீதமாகியிருந்தது. அது ஸ்லீவ் இல்லை, வேறு சத்திரசிகிச்சை. என்றாலும் கொஞ்சம் ஏறுவது வழமைதான் என்பதை அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே நான் நம்பினேன்.

ஊருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஒரு கலியாண மண்டபத்தில் எனக்குப் பின்வரிசையில் இருந்து, "காசைக் கொட்டி வயித்தை வெட்டினவள், பார், திரும்ப ஊதிப்போனாள்" என்று சொன்னது காதில் விழுந்தது. இப்படிக் கேட்டவர்கள் பிறகு கிளினிக் பக்கமே போகமாட்டார்கள். எடை ஏறியதை விட இதுதான் பெரிய சேதம். போகாமல் விட்டால் இரத்தத்தில் என்ன குறைகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

எனக்கு ஏறிய காலத்தையும் சொல்லவேண்டும். 2020 ஊரடங்கில் யாழ்ப்பாணம் வாரக்கணக்கில் பூட்டிக்கிடந்தது. 2022 நெருக்கடியில் முட்டை, கோழி, பால்மா எதையும் விலை கேட்கவே முடியவில்லை. படகுகளுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் மீனும் அருமையாகிப்போனது. மலிவாக வயிறு நிறைந்தது மாவுச்சாப்பாட்டில்தான். புரதம் போன இடத்தில் மா வந்து உட்கார்ந்தது. பல வீடுகளில் இதே கதைதான்.

சரி, திரும்பவும் வழிக்கு வந்தது எப்படி?

கனடாவில் இருக்கும் மச்சாள் முதலில் அனுப்பியது, ஐந்து நாள் திரவ உணவில் இரைப்பையைப் பழையபடி சுருக்கும் திட்டம் ஒன்று. என் வைத்தியரிடம் காட்டினேன். "தண்ணியாய்க் குடிச்சால் இரைப்பை சுருங்காது பிள்ளை. இறங்கிறது உடம்பிலை இருக்கிற தண்ணிதான்" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டேன். நீங்களும் விடுங்கள். அதற்குப் பதிலாக அவர் ஒரு சோதனை சொன்னார். உள்ளங்கை அளவு பாரை மீன் துண்டு, அதோடு கொஞ்சம் வறை. சொதி, தண்ணீர், சோறு எதுவும் இல்லை. நன்றாக மென்று, ஆறுதலாகச் சாப்பிடவேண்டும். முக்கால்வாசி முடியும்போதே நெஞ்சுக்குக் கீழே அந்தப் பழைய இறுக்கம் வந்துவிட்டது. ஒரு விக்கலும் வந்தது. மிச்சத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழும்பினேன். அதே இரைப்பைக்குள் முதல்நாள் இரவு ஆறேழு இடியப்பம் சொதியோடு ஒரு தடையும் இல்லாமல் போயிருந்தது. குழாய் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குள் எது போகிறது என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

எனக்குக் கிடைத்த கையேடுகள் எல்லாம் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கவேண்டாம், அரை மணித்தியாலம் பொறுங்கள் என்று சொல்லும். சொதியைப் பற்றி ஒன்றிலும் ஒரு சொல் இல்லை. நாங்களோ இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, புட்டைச் சொதி விட்டுக் குழைத்துத்தான் சாப்பிடுகிறோம். அப்படி இளகிய சாப்பாடு குழாயில் நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நிறைந்த உணர்வு வருமுன் அடுத்த பிடி உள்ளே போய்விடும். அதற்கு மேல் தேங்காய்ப்பாலின் கொழுப்பு வேறு. சொதியை விடச்சொன்னால் இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் விடவில்லை. மீனையும் வறையையும் முதலில் தனியாகச் சாப்பிடுகிறேன். பிறகு இடம் இருந்தால் இரண்டு இடியப்பம், நனையுமளவு சொதி. பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. மாமிக்கு முதலில் இது பிடிக்கவில்லை, "சோறு தின்னாமல் மீனை மட்டும் தின்னுற பிள்ளையைப் பாருங்கோ" என்பார். இப்போது மீன் துண்டை முதலில் வைப்பதே அவர்தான்.

ஒடியல் கூழுக்கும் இதே முறைதான். கூழைக் குடிக்க ஆரம்பித்தால் கோப்பை கோப்பையாக இறங்கும். நான் நண்டு, இறால், மீன், பயற்றங்காய் எல்லாவற்றையும் அரித்தெடுத்துச் சாப்பிடுவேன். கூழ் கடைசியில் சில மிடறு மட்டும்.

ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது எனக்குச் சொல்லப்பட்ட இலக்கு. சமைத்த மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும், ஒரு முட்டையில் 6. மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடும் நாட்களில் பாசையூர் மீன்சந்தைக்கு ஒருநடை போய்வந்தால் போதும். வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும்தான் கஷ்டம். திருவிழாக் காலத்தில் வீட்டில் மரக்கறி மட்டும். வெளியே போனால் தண்ணீர்ப் பந்தலில் சர்பத், வீதியெல்லாம் கச்சான், திரும்பும் வழியில் ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமைப் போலக் குழாயில் வழுக்குவது வேறொன்றும் இல்லை. அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது சோயாமீற். காய்ந்த நிலையில் அதன் எடையில் பாதியளவு புரதம். அதோடு கடலைச் சுண்டல், கட்டித்தயிர், அவித்த பயறு. கச்சானில் புரதம் இருக்கிறது என்று ஒரு சுருளை முழுதாக முடிக்கக்கூடாது. அதில் எண்ணெயும் அவ்வளவு இருக்கிறது. கந்தசஷ்டிக்கு முழுப்பட்டினி இருக்க நினைப்பவர்கள், முக்கியமாக நீரிழிவு மருந்து எடுப்பவர்கள், வைத்தியரைக் கேட்காமல் இருக்கவேண்டாம். நான் பாலும் பழமும் எடுத்து விரதம் இருக்கிறேன். முருகன் கோபிக்கமாட்டார்.

நான் ஒரு ஆசிரியை. பாடசாலை முடிந்து வந்தவுடன் தேத்தண்ணீரும் கிரீம் கிராக்கரும். எடை ஏற்றியதில் சொதிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். தோய்த்துச் சாப்பிட்டால் எத்தனை போனது என்றே தெரியாது. இப்போது வீட்டில் அந்தப் பெட்டி வாங்குவதில்லை. சீனி இல்லாத தேத்தண்ணீரும், கொஞ்சம் பொறுத்து ஒரு அவித்த முட்டையும். தேத்தண்ணீரை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காதீர்கள், உடம்பு இரும்பை உறிஞ்சுவதை அது தடுக்கும். கல்சியத்தையும் இரும்பையும் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விட்டு எடுக்கவேண்டும்.

கிளினிக்குக்குத் திரும்பப் போனதுதான் நான் செய்ததில் மிக நல்ல காரியம். இரத்தப் பரிசோதனையில் பி12 நன்றாகக் குறைந்திருந்தது, விற்றமின் டி-யும் இரும்பும் அப்படித்தான். அந்தச் சோர்வுக்கு நான் வயதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பி12 ஊசி தொடங்கி சில வாரத்தில் மாடிப்படி ஏறுவது மாறிப்போனது. தைரொயிட்டும் பார்த்தார்கள், எடுக்கும் மருந்துகளில் எடை ஏற்றக்கூடியது ஏதும் உண்டா என்றும் கேட்டார்கள். சத்துமாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்குமானவை. எடை திரும்பிவிட்டது என்பதற்காக அவை தேவையில்லாமல் போவதில்லை.

உடற்பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பின்னேரத்தில் பண்ணைக் கடற்கரையில் நடை, வாரத்தில் சில நாள் றப்பர் பட்டியால் கைகால் பயிற்சி. எடை குறையும்போது தசையும் கரையும் என்பதால் நடையை விடப் பட்டிதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

ஊசி மருந்துகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். லிராகுளூட்டைட் தினமும், செமாகுளூட்டைட் வாரம் ஒருமுறை. சத்திரசிகிச்சைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் வைத்தியர்கள் இவற்றைக் கொடுக்கிறார்கள், பசி நன்றாக அடங்குகிறது. நிறுத்தினால் எடை திரும்புவது வழமை. விலையும் ஒரு ஆசிரியைச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. நான் எடுக்கவில்லை. எடுப்பவர்களை யாரும் குறைசொல்லவும் கூடாது. நீரிழிவு திரும்பிவிட்டால் நானும் கேட்பேன்.

எனக்கு இன்னும் தீராமல் இருப்பது நெஞ்செரிவு. ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது வரக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரவில் தலையணையை உயர்த்தி, படுக்கைக்கு மூன்று மணித்தியாலம் முன்பே சாப்பிட்டு முடித்துச் சமாளிக்கிறேன், மாத்திரையும் உண்டு. அது கட்டுக்குள் வராவிட்டால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றலாம் என்கிறார் வைத்தியர். எடைக்காக மட்டும் என்றால் இன்னொரு முறை கத்தி வைக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம்.