ரிட்டயர்டு ஆளுக்கு ஏற்ற கார் இன்சூரன்ஸ்: கிலோமீட்டர் கணக்கு பாலிசி

எழுபதைத் தாண்டியவருக்குப் பிரீமியம் எகிறும் என்று வாக்கிங் நண்பர்கள் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இங்கே முக்கியமாக வண்டியைத்தான் பார்க்கிறார்கள். என்னுடையது 998 சிசி வேகன் ஆர். ஆயிரம் சிசிக்குக் கீழே என்பதால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பகுதிக்கு அரசு நிர்ணயித்த 2,094 ரூபாய், கூடவே ஜிஎஸ்டி. அதில் பேரம் கிடையாது. பேரமெல்லாம் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில்தான்.

விலை ஒப்பிடும் தளம் ஒன்றில் பார்த்தேன். முதலில் வந்த தொகை ஆச்சரியமாக மலிவு. உள்ளே போனால் ஐடிவியை, அதாவது வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பை, பாதாளத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள்! வண்டி திருடுபோனால் கைக்கு வருவது அந்தத் தொகைதான். அதைச் சரியான மதிப்புக்கு ஏற்றியதும் மலிவு காணாமல் போனது. அப்புறம் ஓயாத போன் தொல்லை வேறு.

கடைசியில் தெருமுனை ஏஜென்ட் தம்பியிடமே போனேன். "சார், கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தானே வண்டி எடுக்கிறீங்க?" என்று கேட்டு, ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் பாலிசியைக் காட்டினார். ஓடோமீட்டரைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் ஐம்பது சதவீதம் கிடைத்தது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அந்தப் போனஸ் போய்விடும், கவனம்.

நம் வயதுக்காரர்கள் லைசென்ஸ் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 55க்கு மேல் ஐந்தாண்டுக்குத்தான் தருகிறார்கள். அது காலாவதியாக இருந்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இந்த பாலிசி சரிப்படாது. எனக்குத் தாராளம். ஐந்துக்கு நான்கு ஸ்டார்.