பூட்டான் போஸ்டிங்குக்குச் சாமான் கட்டித் தந்த கோட்டையூர் பலகாரக் கடை

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதார். ஜம்மு, ஜோத்பூர், பெங்களூரு என்று பெட்டி கட்டிக் கட்டிப் பழகியவள்தான் நான். ஆனால் வெளிநாட்டுப் போஸ்டிங் எங்களுக்கு இதுதான் முதல் தடவை. பூட்டானில் ஹா பள்ளத்தாக்கு. 1962-லிருந்தே நம் ராணுவத்தின் பயிற்சிக் குழு அங்கே இருந்து பூட்டான் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. அவர் முன்னால் போய்விட்டார். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் கிளம்புகிறோம்.

நம் ஆட்களுக்கு அங்கே விசா கிடையாது, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். அதனால் காகித வேலையில் பெரிய அலைச்சல் இல்லை. சமையலறைச் சாமானில்தான் என் கவலை எல்லாம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் நடக்கும் பலகாரக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. பக்கத்திலேயே அவர்களுடைய மாவு மில். என் மாமியார்தான் கூட்டிப் போனார்கள்.

உள்ளே போனதும் ஆச்சி எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. "எந்த ஊருக்கு ஆத்தா? எத்தனை பேரு, எத்தனை மாசத்துக்கு? குளிரா, வெக்கையா?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்களுக்குப் பொடியும் வத்தலும் கட்டிக் கொடுத்த ஊர் இது. அந்தக் கேள்வி இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற பெண் துபாய்க்கு என்றதும், அவருடைய மசாலாவில் கசகசாவை விட்டுவிடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை. தெரியாமல் கொண்டுபோய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் பெரிய வம்பு. கேட்காமலே அதைக் கவனித்த கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குழம்புத் தூளுக்குச் சாமான் நானே கொண்டுபோனேன். 2 கிலோ மிளகாய்க்கு 4 கிலோ மல்லி, அளவாகச் சீரகம், மிளகு, சோம்பு, விரலி மஞ்சள். இரண்டு நாள் மொட்டை மாடியில் காய்ந்தது. ஆச்சி ஒரு மிளகாயை எடுத்து ஒடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு வெயில் காயட்டும், காம்பு மொடமொடன்னு ஒடியணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம்தான். மறுநாள் காயவைத்துக் கொண்டுபோனேன். அரைத்து வந்த தூளைக் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அதை அப்படியே பையில் போட்டுக் கட்டித் தரும் மில்கள்தான் அதிகம். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, மூன்றே மாதத்தில் கட்டி தட்டி வண்டு வைத்துவிடும். இவர்கள் வெள்ளை வேட்டியை விரித்து, தூளைப் பரப்பி, இரண்டு மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் எடை போட்டார்கள்.

பருப்பு விஷயத்தில் எனக்குத் தெரியாததை ஆச்சி சொல்லிக் கொடுத்தார்கள். ஹா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. அவர் போனில் இதையேதான் புலம்பினார். குக்கர் இருந்தாலும் நேரம் கூடுதலாகப் பிடிக்கிறதாம். "அப்பன்னா பருப்பைக் குறை, வறுத்து அரைச்ச பருப்புப் பொடியைக் கூட்டு. சுடுசோத்துல நெய்யோட பெசஞ்சா போதும்" என்றார்கள். அதிரசம் கேட்டேன். வழிப் பயணத்தையும் சேர்த்தால் தாங்காது என்று விற்க மறுத்துவிட்டார்கள். தேன்குழல், சீப்புச் சீடை, கூழ் வத்தல், மணத்தக்காளி வத்தல் ஆகியவற்றுக்குத்தான் சம்மதம். மிளகாய் வத்தலை நானே வேண்டாம் என்றேன். பூட்டானில் மிளகாயைக் காய்கறி போலவே சமைக்கிறார்கள், பாலாடைக்கட்டியோடு சேர்த்து. புளியும் பெருங்காயமும்தான் கூடுதலாகக் கொண்டுவரச் சொன்னார் அவர்.

இனி குறை. அவர் முன்னால் போனபோது கொண்டுபோன முதல் கட்டு சரியாகப் போய்ச் சேரவில்லை. பாக்கெட்டுகளில் காற்றை அப்படியே விட்டு மெஷினில் ஒட்டியிருந்தார்கள். பூட்டான் எல்லைக்குப் பக்கத்தில், மேற்கு வங்கத்தில் இருக்கும் ஹாஸிமாரா வரை ரயிலில் ஒன்றும் ஆகவில்லை. மலை ஏற ஏற ஒவ்வொன்றும் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று சும்மா இருக்குமா? இரண்டு பாக்கெட் ஓரம் விட்டு, குழம்புத் தூள் முழுக்க அவருடைய கம்பளி ஸ்வெட்டரில். அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆச்சி மழுப்பவில்லை. வீணான தூளுக்குப் பதில் ஒரு கிலோ அரைத்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. இந்தத் தடவை தூள் பாக்கெட்டுகளில் காற்றைக் கையால் பிதுக்கி எடுத்துவிட்டுத்தான் ஒட்டினார்கள். ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டுத் தைத்தும் கொடுத்தார்கள். தேன்குழலும் சீடையும் பாக்கெட்டிலேயே இல்லை. மூடி போட்ட சதுரத் தகர டின்னில் தாள் விரித்து அடுக்கியிருக்கிறார்கள். டின்னுக்குத் தனியாக 120 ரூபாய். கொடுக்கலாம், என் டிரங்குப் பெட்டியில் இடுக்கில்லாமல் உட்கார்ந்தது.

இன்னும் இரண்டு குறை உண்டு. மூன்று நாள் என்று சொல்லி ஆறு நாள் ஆக்கினார்கள். லீவில் ஊருக்கு வந்து அவசரமாகத் திரும்புகிற பட்டாளத்துக் குடும்பத்துக்கு அந்த மூன்று நாள் பெரிது. அரைத்த தேதியையும் பாக்கெட்டில் எழுதுவதில்லை, நான்தான் பேனாவோடு உட்கார்ந்து எழுதினேன். வெளிநாடு போகிறவர்கள் குறைந்தது மூன்று வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எவ்வளவு உயரமான ஊர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கும்மாயம் என்கிற உளுந்து இனிப்புக்கான மாவு மட்டும் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை வாங்கப் போகிறேன். அதற்கான கருப்பட்டியை என் மகள் இப்போதே துணியில் சுற்றி, பெட்டியில் தன் ஸ்வெட்டருக்கு அடியில் வைத்துவிட்டாள்.