சீமாறா, தண்ணி லாரியா: மொட்டை மாடிக்குக் கூலிங் பெயிண்டும் கூலிங் டைல்ஸும்

அவிநாசி பக்கம் எங்களுடையது பனியன் தைக்கும் சின்ன பவர் டேபிள் யூனிட். கீழே செக்கிங், அயர்ன். முதல் மாடியில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள். அதற்கு மேல் 1,500 சதுர அடி காங்கிரீட் தளம், அப்புறம் வானம்தான். பங்குனி, சித்திரையில் அந்த மாடியில் ஆளை உட்கார வைப்பது பெரும்பாடு. ஃபேன் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும்.

மத்தியானம்கூடப் பரவாயில்லை. காங்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: சாயங்காலம் டீ முடித்துவிட்டு மறுபடி மெஷினில் உட்காரும் அந்த அரை ஷிப்டில்தான் சூடு உச்சத்தில் இருக்கும். தையல் கோணலாவதும் அப்போதுதான்.

வெயிலை உள்ளே விட்டுவிட்டு ஏ.சி.யால் விரட்டுவதை விட, தளத்திலேயே திருப்பி அனுப்புவது மலிவு. இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எதைப் போட்டுத் திருப்பி அனுப்புவது என்பதுதான் கேள்வி. நான் முதலில் கூலிங் பெயிண்ட் அடித்தேன், மூன்று வருஷம் பார்த்தேன், பிறகு கூலிங் டைல்ஸுக்கு மாறினேன். அதனால் என் பேச்சு டைல்ஸ் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பெயிண்டைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்து தேய்த்துக் கழுவி, பிரைமரும் இரண்டு கோட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். சதுர அடிக்கு 20 ரூபாய், மொத்தம் 30,000. செவ்வாய்க்கிழமையே பேட்லாக் டெய்லர் ஒருவர், "ஏனுங்கண்ணா, மேல ஏதாச்சும் பண்ணுனீங்களா?" என்று கேட்டார். முதல் வருஷம் அவ்வளவு வித்தியாசம்.

டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். கன்னங்கரேலென்ற மாதிரிப் பரப்புக்கு 0, வெள்ளை மாதிரிப் பரப்புக்கு 100 என்று வைத்து, வெயிலில் ஒரு பரப்பு எவ்வளவு சூடேறும் என்பதைச் சொல்லும் கணக்கு அது. எண் கூடக் கூடச் சூடு குறைவு, அதனால் பெரிய எண்ணைக் காட்டித்தான் விற்பார்கள். அது புதிதாக அடித்த அன்றைய எண். மூன்று வருஷம் வெயிலில் கிடந்த பிறகு எவ்வளவு என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

கேட்காததன் பலன் இரண்டாவது வருஷம் தெரிந்தது. நம்ம ஊர் மழைக்கணக்கை யோசித்துப் பாருங்கள். பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வருமே தவிர, மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். மார்கழி தொடங்கிக் கோடை மழை வரைக்கும் ரோட்டுப் புழுதியும், பஞ்சுத் துகளும், ஜெனரேட்டர் புகையும் மாடியில் படிந்துகொண்டே இருக்கும், கழுவிவிட வானத்திலிருந்து ஒன்றும் வராது. தளம் பளிச்சென்று இருக்க வேண்டிய பங்குனியில் அது சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.

அப்படியானால் கழுவ வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். பெயிண்ட் பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு. அழுக்கு உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும், பெருக்கினால் வராது. தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டும். ஒரு தடவைக்கு எனக்கு மூன்று டிரம். போர் தண்ணியோ உப்பு. கழுவிக் காய்ந்தால் அதுவே ஒரு படலம். நல்ல தண்ணிக்கு லாரி. மாசியிலிருந்து வைகாசி வரை மாதம் ஒரு முறை கழுவுவது என்று திட்டம் போட்டேன், இரண்டு முறைதான் நடந்தது. லாரித் தண்ணியைக் குடிக்க வைப்பதா, மாடியில் ஊற்றுவதா? போதாக்குறைக்குத் தேய்க்கத் தேய்க்கப் பெயிண்ட் மாவாக உதிர்ந்தது. மூன்றாம் வருஷம் மறுபடி அடிக்க ஆளைக் கூப்பிட வேண்டிய நிலை. பசுமைக் கட்டடம் என்று ஆரம்பித்துத் தண்ணி லாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

டைல்ஸில் இந்த ஒரு விஷயம்தான் எனக்கு எல்லாமே. மேலே பளபளப்பான பூச்சு. புழுதி மேலாகத்தான் உட்காரும். சனிக்கிழமை சம்பளம் போடுவதற்கு முன்னால் சீமாறு எடுத்து ஒருவர் அரை மணி நேரம் பெருக்கினால் போதும். சொட்டுத் தண்ணீர் வேண்டாம். காக்கை எச்சத்துக்கு மட்டும் ஈரத் துணி. இரண்டு கோடை பார்த்துவிட்டேன், நிறம் இன்னும் வெள்ளைதான். பத்து வருஷம் கழித்தும் இப்படியே இருக்குமா என்று கேட்டால், இரண்டு கோடைக்காரன் அதற்குப் பதில் சொல்லக் கூடாது.

செலவு சதுர அடிக்கு 95 ரூபாய், கூலியோடு சேர்த்து 1,42,500. பெயிண்டோடு பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அடித்தால் பத்து வருஷத்தில் நான்கு முறை. விலை ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் 1,20,000. கழுவும் தண்ணியும் ஆள் கூலியும் தனி.

டைல்ஸுக்கும் குறை உண்டு. மழையில் வழுக்கும், தொட்டி பார்க்க ஏறுகிறவர் ஜாக்கிரதையாக ஏற வேண்டும். பக்கத்து இரண்டாம் மாடி வீட்டு அம்மா, "கண்ணு கூசுதுங்க" என்று சொல்லி ஜன்னலுக்குத் திரை போட்டார். நியாயமான புகார், என்னிடம் பதில் இல்லை.

தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பற்றியும் யோசித்தேன். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கி போட்டு, மேலே தட்டோடு பதிப்பது நம் பழைய வழி. கனமான போர்வை மாதிரி, சூடு இறங்குவதற்குள் யூனிட்டைப் பூட்டிவிட்டுப் போயிருப்போம். ஆனால் நாலு அங்குலம் போட்டால் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் பாரம். எங்களுடையது பழைய கட்டடம், என்ஜினியர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். புதிதாகக் கட்டுகிறவர்கள் விட்டுவிடாமல் விசாரிக்கலாம்.

சோலார் வேறு கணக்கு. பேனல் நிழலிலும் தளம் குளிரும், கரண்டும் வரும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், நாளுக்கு நாலு யூனிட் அளவில் கிடைக்கும். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியதிலிருந்து இங்கே எல்லோருக்கும் அதில் ஒரு கண். நான் வைக்கவில்லை, பக்கத்து யூனிட்டில் பார்த்ததுதான். அங்கேயும் புழுதியைத் துடைக்க ஓர் ஆள் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்.

வாடகைக் கட்டடத்தில் இருப்பவர் டைல்ஸ் பக்கமே போகாதீர்கள். காலி செய்யும்போது பெயர்த்துக்கொண்டு போக முடியாது, ஓனரும் அட்வான்ஸோடு சேர்த்துத் தர மாட்டார். பெயிண்ட் அடித்து, மார்கழியைத் தாண்டி மாசிக் கடைசியில் ஒரே ஒரு முறை நன்றாகக் கழுவுங்கள். அந்த ஒரு கழுவல் கோடைக்கு முக்கால்வாசி உதவும். தகர ஷீட் போட்டவர்களுக்கும் பெயிண்ட்தான். துருவைச் சுரண்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

சொந்தக் கட்டடமாக இருந்து டைல்ஸ் பதிப்பதானால், அதற்கு முன் தளத்தில் தண்ணீர் கட்டி நிறுத்தி ஒழுக்கு பாருங்கள். மேலே டைல்ஸ் வந்த பிறகு ஒழுகினால் எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி தளத்தைக் கொத்த வேண்டியிருக்கும். பதிக்கிற கொத்தனார் இணைப்புகளில் வெறும் வெள்ளை சிமெண்டைத் தடவிவிட்டுப் போகப் பார்ப்பார். நீர் புகாத பூச்சுதான் வேண்டும் என்று கூடவே நின்று போட வையுங்கள். நான் நிற்காத ஒரு மூலை இருக்கிறது. போன ஐப்பசியில் அங்கேதான் சுவரில் ஈரம் கண்டது.