மேக்ரோஃபேஜுக்குள் எல்சி3-ஐத் தொடுவது யார்: கோ-ஐபியா, டர்போஐடியா?

காசநோய்க் கிருமியை, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் ஆட்டோஃபேஜி (செல் தன் உட்பொருட்களைப் பையில் அடைத்துச் செரிப்பது) வழியாகவும் ஒடுக்குகின்றன என்று 2004-இல் தெரியவந்தது. அங்கே, அந்தப் பையின் சவ்வில் ஒட்டும் எல்சி3 புரதத்தோடு எவையெல்லாம் சேர்கின்றன என்ற கேள்வி, தோப்பூர் காசநோய் மருத்துவமனையைக் கடந்து தினமும் பள்ளிக்குப் போன எனக்கு மிகவும் நெருக்கமானது. மதுரையில் சுண்டெலியின் மேக்ரோஃபேஜ்களில் இதை ஆராய முனையும் மாணவர்கள், ஆன்டிபாடியால் புரதத்தை அதன் கூட்டாளிகளோடு பிடித்து இழுக்கும் கோ-ஐபிக்கும், எல்சி3-உடன் இணைத்துவிட்டால் பக்கத்தில் வரும் புரதங்களின் மேல் பயோட்டின் என்ற வைட்டமினை அடையாளமாக ஒட்டிவிடும் நொதியான டர்போஐடிக்கும் இடையே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கோ-ஐபிக்கு நல்ல ஆன்டிபாடியும், அதைப் பிடித்துவைக்கும் நுண்மணிகளும், பனிக்கட்டியும் போதும். ஆட்டோஃபேஜிப் புரதமான ஏடிஜி5-உடன் இன்னொன்றான ஏடிஜி16எல்1 சேர்வது போன்ற உறுதியான பிணைப்புகளை அது தெளிவாகக் காட்டும். ஆனால் எல்சி3-ஐப் பற்றும் பல புரதங்களின் பிடி மைக்ரோமோலார் அளவில் தளர்வானது என்பதால், செல்லை உடைத்து மணிகளைக் கழுவுவதற்குள் அவை நழுவிவிடுகின்றன. மேலும், ஆன்டிபாடியைப் பற்றுவதையே வேலையாகக் கொண்ட எஃப்சி ஏற்பிகள் மேக்ரோஃபேஜில் நிறைய உண்டு. ஆகவே ஐசோடைப் கட்டுப்பாடு (அதே வகை, ஆனால் இலக்கில்லாத ஆன்டிபாடியால் செய்யும் ஒப்பீடு) இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை. புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில், ஏடிஜி12–ஏடிஜி5 கூட்டு சுமார் 55 கிலோடால்டனிலும், ஆன்டிபாடியின் கனச்சங்கிலி 50-இலும், அருகருகே ஓடுகின்றன. முயல் ஆன்டிபாடியால் இழுத்து, முயல் ஆன்டிபாடியாலேயே பிளாட் (புரதப் பட்டைகளைக் காட்டும் சோதனை) பார்த்த நான், அங்கே கனச்சங்கிலியால் தெரிந்த தடித்த கறுப்புப் பட்டையை நம்பி ஒரு மாதத்தை இழந்தேன்.

2018-இல் வந்த டர்போஐடி, அதே வகையைச் சேர்ந்த பழைய நொதி பயோஐடி 18 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட வேலையைப் பத்தே நிமிடங்களில், சுமார் 10 நானோமீட்டர் தூரத்துக்குள், செல் உயிரோடு இருக்கும்போதே செய்கிறது. அடையாளம் ஒட்டிய பிறகு பிடி விட்டாலும் பரவாயில்லை. எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளைப் போட்டுக் கடுமையாகக் கழுவலாம். (ஏபெக்ஸ்2 என்ற இன்னொரு அடையாளமிடும் நொதி இன்னும் வேகமானது, ஆனால் அதற்கு வேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடே ஆட்டோஃபேஜியைத் தூண்டக்கூடும்.) விலை வேறிடத்தில் இருக்கிறது. டர்போஐடியின் மரபணுவைச் செல்லுக்குள் செலுத்த வேண்டும்; ஆனால் வெளியிலிருந்து நுழையும் டிஎன்ஏவை மேக்ரோஃபேஜ் சிகாஸ்–ஸ்டிங் என்ற எச்சரிக்கைப் பாதை வழியாக உணர்ந்து எல்சி3-ஐக் கிளப்பிவிடும் என்பதால், மரபணுவைச் செல்லின் டிஎன்ஏவிலேயே சேர்க்கும் லென்டிவைரஸ் கொண்டு நிலையான செல் வரிசையை உருவாக்கி, அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பட்டியலில் வருபவை அருகில் இருந்தவை மட்டுமே; பிணைந்தவை எவை என்பதைத் தனியே காட்டியாக வேண்டும்.

அப்படியிருந்தும், எல்சி3 பற்றிய கேள்விக்கு மாதங்கள் செலவானாலும் டர்போஐடியையே எடுப்பேன். தொடங்கும் முன் செல் வளர்ப்பு ஊடகப் புட்டியின் லேபிளைப் படியுங்கள்: ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பயோட்டின் இருக்கிறது. நீங்கள் பயோட்டின் சேர்க்கும் முன்பே அந்த நொதி ஒட்டத் தொடங்கியிருக்கும். பயோட்டின் இல்லாத டிஎம்இஎம் ஊடகத்துக்கும், சிறு மூலக்கூறுகளை நீக்க டயாலிசிஸ் செய்த சீரத்துக்கும் செல்களை முதலில் மாற்றிவிடுங்கள்.