படம் பட்டமான கதை: 65% விசைப்பலகையுடன் மூன்றரை ஆண்டுகள்

வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த கோப்பில் சிவப்புக் கோடுகள் வரிசையாக நின்றன. மெய்ப்புப் பார்த்தவர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொறுமையாகக் குறித்திருந்தார்: படம் என்று வர வேண்டிய இடத்தில் பட்டம், கூடம் என்ற இடத்தில் கூட்டம், பாடு என்ற இடத்தில் பாட்டு. அனுப்புமுன் இருமுறை படித்த கோப்பு அது. பிழைதிருத்தியும் ஓட்டியிருந்தேன். எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்திக்கு எதுவும் உறுத்தவில்லை. பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. எல்லாப் பிழைகளும் ஒரே எழுத்தில்தான். ட.

நான் தட்டச்சு செய்வது தமிழ்99 முறையில். அதில் ஒரு மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். க, க என்று தட்டினால் க்க. வேகமாகத் தட்டச்சு செய்ய இதைவிட நல்ல விதி இல்லை. ஆனால் விசையின் அடியில் இருக்கும் ஸ்விட்ச் பழுதாகி, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து அனுப்பத் தொடங்கினால் இதே விதி பிழையைக் காட்டிக்கொடுக்காமல் நம்மைக் கவிழ்த்துவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்தால் கண்ணில் குத்தும். தமிழில் அது இன்னொரு நல்ல சொல்லாக மாறி வரியில் உட்கார்ந்துகொள்ளும். விசைப்பலகை வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தபோது இது நடந்தது. அதற்கு முன் நான் பெரிதாக நினைத்தவை வேறு, இன்று பெரிதாக நினைப்பவை வேறு.

பகலில் மொழிபெயர்ப்பு வேலை, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் துப்பாக்கிச் சுடும் விளையாட்டு. இரண்டுக்கும் ஒரே விசைப்பலகை வேண்டும் என்பதுதான் என் தேவை. முழு அளவு விசைப்பலகையில் 104 விசைகள். விசைகளுக்கு இடையிலான தூரம் 19.05 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் அளவு. அந்தக் கணக்கில் முழு விசைப்பலகையின் விசைப்பரப்பு மட்டுமே 43 சென்டிமீட்டர் அகலம் வரும். எண் விசைத்தொகுதியும் எஃப் விசைகளின் மேல்வரிசையும் இல்லாத, 65% என்று சொல்லப்படும் வகையில் அது 30 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். வலப்பக்கம் மிச்சமாகும் அந்த 12 சென்டிமீட்டருக்காகத்தான் நான் சிறிய பலகைக்கு மாறினேன். மவுஸ் உடலுக்கு நேராக வந்துவிடுகிறது. கையை விரித்து வைத்தே வேலை செய்ததால் வலது தோளில் இருந்த வலி இரண்டு மாதத்தில் குறைந்தது. விளையாட்டில் மவுஸை நீளமாக இழுத்துக் குறிபார்ப்பவர்களுக்கும் இந்த இடம் பெரிய வரம்.

முதலில் நண்பர் ஒருவரிடமிருந்து 60% பலகை ஒன்றை வாங்கிச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். 61 விசைகள், அம்பு விசைகள் கிடையாது. விளையாட்டுக்குக் குறையே இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பில் சொல் சொல்லாக நகர்ந்து திருத்துவதுதான் பாதி வேலை. ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு விசை என்றால் மாலைக்குள் கை சலித்துவிடுகிறது. நிரல் எழுதுபவர்களும் விரிதாளில் எஃப்2, எஃப்4 என்று தட்டிக்கொண்டே இருப்பவர்களும் 75% வகையைப் பார்க்கலாம், மேல்வரிசை முழுதாக இருக்கும். எனக்கு 68 விசைகள் போதுமானவையாக இருந்தன.

அளவைப் பற்றித் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். அரைப்புள்ளி விசையில் ந, மேற்கோள் விசையில் ய, அடைப்புக்குறி விசைகளில் ச, ஞ, சாய்கோட்டு விசையில் ழ. ஆங்கிலத்தில் எப்போதோ தொடும் இந்த விசைகள் தமிழில் வரிக்கு நாலு முறை வேண்டும். 40% பலகைகளில் முதலில் வெட்டப்படுவதும் இடம் மாற்றப்படுவதும் இவைதான். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அங்கே நிறுத்தற்குறி போகிறது, நமக்கு எழுத்தே போகிறது. அதேபோல், அம்பு விசைக்கு இடம் தேடி வலது ஷிஃப்டை ஒரு சாதாரண விசை அளவுக்குச் சுருக்கும் பலகைகளையும் தவிர்த்துவிடுங்கள். ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் இடது கை எழுத்துகள். அவற்றுக்கு வலது ஷிஃப்ட்தான் துணை. சுண்டுவிரல் பாராமல் சென்று தொடும் அளவுக்கு அது நீளமாக இருக்க வேண்டும்.

ஸ்விட்ச் விஷயத்துக்கு வருகிறேன். 1983ஆம் ஆண்டைச் சேர்ந்த செர்ரி எம்எக்ஸ் ஸ்விட்சின் கூட்டல்குறி வடிவத் தண்டுதான் இன்றைக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் வடிவம். ஒருவர் செய்த கீகேப் (விசையின் மேல்மூடி) மற்றொருவரின் ஸ்விட்சில் பொருந்துவது அதனால்தான். வகைகள் மூன்று: வழுக்கிக்கொண்டு இறங்குவது, நடுவில் ஒரு மேடு தட்டுவது, மேட்டோடு கிளிக் என்ற ஒலியும் தருவது. அழுத்தத் தேவைப்படும் பலம் செர்ரியின் சிவப்புக்கு (வழுக்குவது) 45 சென்டிநியூட்டன், பழுப்புக்கு (மேடு தட்டுவது) 55, நீலத்துக்கு (கிளிக்) 60. முழு ஆழம் 4 மில்லிமீட்டர். ஏறத்தாழ பாதியிலேயே எழுத்து பதிவாகிவிடும். ஒலி எழுப்பும் வகையை வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் விளையாடும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விளையாட்டுக்கு இலகுவான வழுக்கு வகைதான் சிறந்தது என்று எல்லோரும் சொன்னதால் 45 வகையையே எல்லா விசைகளுக்கும் போட்டேன். விளையாட்டில் அருமை. தட்டச்சில் ஒரு வினோதம். நடமாட்டத்துக்குப் பயன்படும் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் தமிழ்99 முறையில் இருப்பவை ஈ, அ, இ, உ. இடது கை யோசித்தபடி ஓய்வாகக் கிடக்கும் இடமும் அதுவே. நான் வாக்கியத்தை யோசிக்கும்போது விரலின் எடையிலேயே இ பதிவாகி, கடைசியாகத் தட்டிய க, கி ஆகிவிடும். என் விரல்கள் கனமானவை; எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. இடப்பக்கத்து விசைகளுக்கு மட்டும் ஸ்பிரிங்கை 62 கிராமுக்கு மாற்றினேன். பிரச்சினை அன்றோடு ஒழிந்தது. விளையாட்டில் வேகம் குறைந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. சாலிடர் செய்யாமல் ஸ்விட்சைக் கழற்றி மாட்டும் வசதி இல்லாத பலகையில் இதைச் செய்திருக்கவே முடியாது. எதில் சமரசம் செய்தாலும் அந்த வசதியில் செய்யாதீர்கள்.

இனி ட கதையின் மிச்சம். வாங்கிய புதிதில் காணொளிகளைப் பார்த்துவிட்டு 68 ஸ்விட்சுகளையும் பிரித்து கிரீஸ் தடவினேன். கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற கெட்டியான கிரீஸ், மெல்லிய தூரிகை, இரண்டு வார இறுதிகள். முதல் இருபது ஸ்விட்சுகளில் கிரீஸின் அளவு கூடிவிட்டது. தண்டு ஏறி இறங்கும் பக்கவாட்டுத் தடங்களிலும் ஸ்பிரிங்கின் நுனிகளிலும் மினுமினுப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் பூச வேண்டும். உள்ளே இருக்கும் செப்புத் தகடுகள் ஒன்றையொன்று தொடும் முனையில் படக் கூடாது. மேடு தட்டும் வகையாக இருந்தால் தண்டின் கால்களிலும் பூசக் கூடாது, பூசினால் மேடு மழுங்கிவிடும். ட ஸ்விட்சைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தபோது அந்தத் தகட்டு முனையில் வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது, தூசியும் சேர்ந்திருந்தது. தகடுகள் தொடும்போது இயல்பாகவே சில கணம் அதிரும். அந்த அதிர்வை மறைக்க, விசைப்பலகைக்குள் ஓடும் மென்பொருளான க்யூஎம்கே ஃபர்ம்வேரில் வழக்கமாக 5 மில்லிவினாடி இடைவெளி இருக்கிறது. படலத்தால் அதிர்வு அதையும் தாண்டி நீண்டதால்தான் ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகியிருக்கிறது. இடைவெளியை 10 ஆக்கிப் பார்த்தேன், இரட்டிப்பு அடங்கியது. அதுவே காரணம் என்று உறுதியானது. பிறகு புது ஸ்விட்சை மாட்டி, இடைவெளியைப் பழையபடி 5க்கே கொண்டுவந்தேன். மாட்டும் வேலை மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்விட்சை அழுத்தி மாட்டும்போது பின்புறத்தில் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். வளைந்த உலோகக் காலோடு ஸ்விட்சை ஒரு முறை அழுத்தியதில் பலகையிலிருந்து சாக்கெட்டே பெயர்ந்துவிட்டது. நண்பர் சாலிடர் வைத்துக் காப்பாற்றினார்.

இன்று யாராவது கேட்டால், தொழிற்சாலையிலேயே கிரீஸ் பூசி வரும் ஸ்விட்சை வாங்கச் சொல்வேன். அந்த இரண்டு வார இறுதிகளில் அரை நாளை ஸ்டெபிலைசருக்குக் கொடுத்தாலே போதும். ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், இடது ஷிஃப்ட் ஆகியவற்றின் அடியில் இருக்கும் கம்பிதான் மலிவான பலகைகளில் கலகலவென்று ஆடும் ஓசைக்கு மூலம். கம்பியைக் கழற்றிக் கண்ணாடி மீது வைத்துப் பாருங்கள். இரு கால்களும் ஒரே நேரத்தில் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் மெதுவாக வளைத்து நேராக்க வேண்டும். கம்பியின் முனைகளில் மட்டும் மின்சாரம் கடத்தாத, கெட்டியான டைஎலக்ட்ரிக் கிரீஸ். இதைச் செய்த அன்று ஸ்பேஸ் விசையின் ஓசை தகரத்திலிருந்து மரத்துக்கு மாறியது. மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் மறுபடி பூசியிருக்கிறேன்.

கீகேப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கூட வந்தவை ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஓராண்டில் ஸ்பேஸும் அ விசையும் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன. பிபிடி என்ற வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினேன், இன்னும் சொரசொரப்பாகவே இருக்கின்றன. தமிழ் எழுத்து ஒட்டிகளை வாங்கி வீணாக்க வேண்டாம், சில மாதங்களில் ஓரம் சுருளும். அதற்குள் விரல்கள் இடங்களைக் கற்றுவிடும்.

உண்மையில் இந்தச் சிறிய பலகையை எனக்கு முழு அளவாக ஆக்கியது, விசைகளுக்கு நாமே வேலை ஒதுக்கும் வசதிதான். க்யூஎம்கே, விசைகளை மாற்றியமைக்க உதவும் வயா செயலி இரண்டையும் ஏற்கும் பலகையாகப் பார்த்து வாங்கியது நான் எடுத்த மிகச் சரியான முடிவு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆகவே கேப்ஸ்லாக் இருக்கும் அந்த அகலமான, கைக்கெட்டும் இடம் நமக்கு வீண். அதை அடுக்கு (விசைகளின் மாற்று வேலைத் தொகுப்பு) மாற்றும் விசையாக்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு எண் விசையைத் தட்டினால் எஃப் விசைகள், எச் தட்டினால் வரியின் தொடக்கம், எல் தட்டினால் வரியின் முடிவு. வலது ஆல்ட் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற. மூன்று வாரம் தடுமாறினேன், பிறகு கை தானாகப் போயிற்று.

ஸ்பேஸ் விசைக்கும் இரட்டை வேலை கொடுத்துப் பார்த்தேன்: தட்டினால் இடைவெளி, பிடித்தால் அடுக்கு. வேண்டாம். தட்டலா பிடித்தலா என்று ஃபர்ம்வேர் முடிவு செய்யும் காலம் வழக்கமாக 200 மில்லிவினாடி. விரலை எடுத்த பிறகுதான் இடைவெளி விழும். வேகமாக எழுதும்போது சொற்கள் ஒட்டிக்கொண்டன. விளையாட்டிலோ, குதிக்க வேண்டிய கணம் கடந்த பிறகு குதித்தேன். இப்போது விளையாட்டுக்கென்று தனி அடுக்கு வைத்திருக்கிறேன். அதில் எந்த விசைக்கும் இரட்டை வேலை கிடையாது, விண்டோஸ் விசையும் முடக்கம். ஆங்கிலத்துக்கு மாறுவதற்கென்று இயங்குதளத்தில் ஒரு குறுக்குவிசையை ஒதுக்கி, அடுக்கு மாறும்போதே அதையும் சேர்த்து அனுப்பச் செய்திருக்கிறேன். இல்லாவிட்டால் தமிழ் உள்ளீட்டை அணைக்க மறந்து ஆட்டத்துக்குள் போய்விடும் நாள்கள் உண்டு.

விளையாட்டு ஒன்றே நோக்கம் என்றால் காந்த ஸ்விட்சுகள் தகடுகள் தொட்டு இயங்கும் மெக்கானிக்கல் வகையை முந்திவிட்டன, அதில் எனக்கு ஐயமில்லை. பதிவாகும் ஆழத்தை நாமே வைத்துக்கொள்ளலாம், விரலைச் சற்றே உயர்த்தினாலும் விசை விடுபட்டதாகக் கொள்ளும். ஆனால் ஏ, டி போன்ற எதிரெதிர்த் திசை விசைகளை ஒருசேர அழுத்தினால் எது செல்லும் என்பதை வன்பொருளே சமாளித்துத் தரும் வசதியை வாங்குமுன் யோசியுங்கள். 2024 ஆகஸ்ட்டில் வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இன் அதிகாரபூர்வ சர்வர்களில் அதற்குத் தடை போட்டது. பயன்படுத்தினால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படலாம். நான் இன்னும் கம்பி இணைப்பில், கணினிக்கு வினாடிக்கு 1000 முறை தகவல் போகும் வேகத்திலேயே ஆடுகிறேன். ப்ளூடூத்தை வேலைக்குப் பயன்படுத்துவதையும் விட்டுவிட்டேன். சற்று ஓய்ந்து மறுபடி தட்டும்போது முதல் எழுத்தை விழுங்கிவிடுகிறது.

இப்போது எந்த ஸ்விட்சை மாற்றினாலும் வேலைக்கு எடுக்குமுன் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, அந்த எழுத்து வரும் குறில் நெடில் சொற்களை நூறு முறை தட்டிவிடுகிறேன். ட என்றால் படம், கூடம், பாடு, ஓடு. த என்றால் கதை, பதி, விதை. பிறகு தேடுபெட்டியில் ட் அல்லது த் என்று போடுகிறேன். சுழியம் என்று வந்தால்தான் கீகேப்பை மாட்டுகிறேன்.